பொறுப்பேற்க ஆளில்லாத ஸ்தாபனம்



இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் கேட்போர்க்கு இன்பம் தருவதன்று. சமய ஸ்தாபனங்களை நம்பிப் பெற்றோரும் அரசாங்கமும் ஒப்படைத்த குழந்தைகள், அந்த ஸ்தாபனங்களின் திருப்பணியாளர்களாலேயே பாலியல் கொடுமைக்கு ஆளானபோது, அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார், அவர் எவர் முன்னிலையில் நின்று பதில் சொல்ல வேண்டும் என்பதே இன்று நாம் ஆராய வேண்டிய வினா. இவ்வினா அயர்லாந்திலும் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் பிரான்சிலும் எழுந்து, அந்நாட்டு மக்களின் சமய வாழ்க்கையையே உலுக்கியிருக்கிறது. ஆயினும் நான் ஆஸ்திரேலியாவின் அனுபவத்தை மாத்திரமே எடுத்துக்கொள்ளப் போகிறேன். குற்றம் வெளிப்பட்ட தேசங்கள் பல. குற்றம் வெளிப்பட்ட பிறகு, சட்டத்தின் கண்ணுக்குத் திருச்சபை என்பது என்ன, அதன் மேல் வழக்குத் தொடுக்க இயலுமா என்ற அடிப்படைப் பிரச்சினை அங்கே விசாரிக்கப்பட்டதைப் போல் வேறெங்கும் அவ்வளவு தெளிவாக விசாரிக்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட விரும்புகிறேன். இது கத்தோலிக்கத் திருச்சபையின் மேல் மட்டும் சாட்டப்பட்ட குற்றமன்று. ஆங்கிலிக்கன் சபை, இரட்சணிய சேனை, யெகோவாவின் சாட்சிகள் முதலிய பல அமைப்புகளின் வரலாறும் அந்நாட்டில் விசாரணைக்கு உட்பட்டது. பிரிஸ்பேன் நகரின் ஆங்கிலிக்கன் பேராயராக முன்பு இருந்த பீட்டர் ஹாலிங்வொர்த், அப்பதவியில் இருந்த காலத்தில் இத்தகைய புகார்களை அவர் கையாண்ட விதம் கண்டனத்துக்கு உள்ளானதால், 2003ஆம் ஆண்டு நாட்டின் கவர்னர் ஜெனரல் பதவியையே துறக்க நேர்ந்தது. எனினும் கத்தோலிக்க சபையே அங்கே மிகப் பெரிது. அதன் பள்ளிகளும் அநாதை இல்லங்களும் மிகுதி. ஆதலின் என் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும்.

2012 நவம்பரில் பிரதமர் ஜூலியா கில்லார்ட் இக்கொடுமைகளை விசாரிக்க ஒரு ராயல் கமிஷன் அமைக்கப்போவதாக அறிவித்தார். நியூகாஸில் நகரத்துப் பத்திரிகையாளர் ஜோவான் மக்கார்த்தி பல ஆண்டுகளாக எழுதிவந்த நூற்றுக்கணக்கான கட்டுரைகளும், பாதிக்கப்பட்டோர் வெட்கத்தையும் அச்சத்தையும் கடந்து மேடையேறிப் பேசிய பேச்சுகளும் அந்த அறிவிப்புக்கு வழி செய்தன. நீதிபதி பீட்டர் மக்லெல்லன் தலைமையில் ஆறு பேர் கொண்ட அந்தக் கமிஷன் ஐந்தாண்டுகள் உழைத்தது. 57 பகிரங்க விசாரணைகளை நடத்தியது. 2017 டிசம்பரில் 17 தொகுதிகள் கொண்ட அறிக்கையை அளித்தது. இவற்றையெல்லாம்விட என் மனத்தை ஈர்த்தது வேறொன்று. பாதிக்கப்பட்டவர் ஒருவர், சத்தியப் பிரமாணமோ குறுக்கு விசாரணையோ இல்லாமல், கமிஷன் உறுப்பினர் ஒருவரின் எதிரில் அமர்ந்து, தமக்கு நேர்ந்ததைத் தம் சொந்த வாக்கில், தாம் விரும்பிய வேகத்தில் சொல்லிச் செல்வதற்கு இடம் தரும் வகையில் நாட்டின் சட்டமே திருத்தப்பட்டது. அத்தகைய தனி அமர்வுகள் 8,013 நடைபெற்றன. வந்தவர்களில் பலர் முதியவர். மனைவிக்கோ கணவனுக்கோ பெற்ற மக்களுக்கோ சொல்லாததை, முன்பின் அறியாத ஒரு நீதிமானிடம் முதன்முறையாகச் சொன்னவர்களும் அவர்களில் உண்டு. அந்தக் கமிஷன் கேட்டதோடு நின்றுவிடவில்லை. 2,575 விவகாரங்களைப் போலீஸாருக்கும் பிற அதிகாரிகளுக்கும் அனுப்பிவைத்தது.

கத்தோலிக்க சபையின் தஸ்தாவேஜுகளிலிருந்தே அந்தக் கமிஷன் திரட்டிய கணக்கின்படி, 1950 முதல் 2010 வரை பணியாற்றிய குருமாரில் ஏறத்தாழ 7 சதவீதத்தினர் மேல் இக்குற்றம் சாட்டப்பட்டிருந்தது. சாட்டப்பட்டது என்று சொல்கிறேனேயன்றி, நிரூபிக்கப்பட்டது என்று சொல்லவில்லை; இந்த வேறுபாட்டைக் காத்தல் நீதிக்கு அவசியம். துறவியர் சபைகள் சிலவற்றில் அந்த விகிதம் மிக அதிகமாக இருந்தது. அறிவு வளர்ச்சி குன்றிய சிறுவர்களைப் பராமரித்த புனித இறை யோவான் சபைச் சகோதரர்களில் அது 40 சதவீதத்தைக் கடந்தது. தமக்கு நேர்ந்ததைச் சொல்லவும் வகையறியாத குழந்தைகள் எங்கே இருந்தார்களோ அங்கேயே விகிதம் மேலோங்கி நின்றது என்பதை எண்ணிப் பார்க்குந்தோறும், இது யாரோ சில தனி மனிதர்களின் மனோவியாதி என்று சொல்லி ஒதுங்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகருக்கு வடக்கே, பிண்டூன் என்ற ஊரில் கிறிஸ்தவ சகோதரர்கள் சபை நடத்திய இல்லம் ஒன்று இருந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் இங்கிலாந்தின் அநாதை இல்லங்களிலிருந்தும் மால்டாவிலிருந்தும் கப்பலேற்றப்பட்ட சிறுவர்கள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். உங்கள் தாய் தந்தையர் இறந்துவிட்டனர் என்று அவர்களில் பலரிடம் சொல்லப்பட்டது. அது பலர் திறத்தில் பொய். அங்கே எழுந்து நின்ற பெரிய கட்டடங்களை அச்சிறுவர்களே வெறுங்காலுடன் கல்லும் காரையும் சுமந்து கட்டினார்கள். பகலில் அந்த உழைப்பு; அடி உதை; அதற்கு மேலும் பலருக்கு நேர்ந்த கொடுமையைப் பிற்காலத்தில் கமிஷன் முன் வந்து சொன்னவர்கள் எழுபது வயதைக் கடந்த கிழவர்கள். நாட்டிங்ஹாமைச் சேர்ந்த சமூக ஊழியர் மார்கரெட் ஹம்ஃப்ரீஸ் என்ற அம்மையார் 1980களின் பிற்பகுதியில் இவர்களின் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் தேடத் தொடங்கியிராவிட்டால், தம் தாய் உயிரோடு இருந்தாள் என்பதையே அறியாமல் பலர் மாண்டிருப்பார்கள். 2009 நவம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட்டும், அடுத்த ஆண்டில் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுனும் தத்தம் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினர். அக்குழந்தைகளுக்குத் தாயும் தந்தையும் சட்டமும் அந்த இல்லமாகவே இருந்தது. அங்கே தவறு செய்தவனைப் பற்றி முறையிட வேண்டுமானால், அவனுடைய சக துறவியிடமே முறையிட வேண்டும்.

இனி விக்டோரியா மாநிலத்துப் பல்லாரட் மறைமாவட்டத்துக்கு வருவோம். அங்கே ஜெரால்ட் ரிட்ஸ்டேல் என்ற குருவானவர் ஒரு பங்கிலிருந்து மறு பங்குக்கு, அங்கிருந்து வேறொரு பங்குக்கு என்று மாற்றப்பட்டுக்கொண்டே இருந்தார். அவர் சென்ற ஊர்களிலெல்லாம் குழந்தைகள் சீரழிந்தனர். அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இழைத்த குற்றங்களுக்காக அவர் பிற்காலத்தில் தண்டிக்கப்பட்டார். சிறையிலேயே 2025இல் இறந்தார். அவர் தண்டிக்கப்பட்ட கதை ஒரு பாதியே. 1975ஆம் ஆண்டின் பிற்பகுதிக்குள்ளேயே அவர் தம் குற்றத்தை மேற்றிராணியார் ரொனால்ட் மல்கர்ன்ஸிடம் ஒப்புக்கொண்டிருந்தார் என்று கமிஷன் முடிவுசெய்தது. அதன் பிறகும் அவர் ஊர் ஊராக அனுப்பப்பட்டார். 1980களின் தொடக்கத்தில் மார்ட்லேக் என்னும் சிற்றூரின் பங்குத்தந்தையாக அவர் இருந்தபோது, ஒரு சிறுவன் அவருடைய பங்கு இல்லத்திலேயே தங்கியிருந்தான். அது மேற்றிராணியாருக்குத் தெரிந்தும் அவர் அவனை அங்கிருந்து அகற்றவில்லை. எத்தனை பெற்றோர் புதிய பங்குத்தந்தையை வரவேற்று விருந்திட்டிருப்பார்கள்! தம் ஊருக்கு வருபவரின் பழைய சரித்திரம் ஒருவருக்குத் தெரியும், தமக்கு மாத்திரம் தெரியாது என்பதை அவர்கள் எப்படி ஊகித்திருக்க முடியும்?

குற்றம் செய்தவனுக்குச் சிறை, சரி. அவனை அறிந்தே அனுப்பியவருக்கு என்ன? அனுப்பும் அதிகாரம் யாருடைய பெயரால் செலுத்தப்பட்டதோ அந்தத் திருச்சபைக்கு என்ன? இந்த இரண்டு கேள்விகளுள் பின்னதே நான் விரித்துரைக்க விரும்புவது. ஏனெனில் மேற்றிராணியார்கள் முதுமையடைந்து மறைந்துபோகிறார்கள், மல்கர்ன்ஸும் 2016இல் மறைந்தார். ஸ்தாபனமோ நூற்றாண்டுகள் கடந்தும் நிலைத்து நிற்கிறது.

சிட்னி நகரத்துப் பூசைகளில் 1970களில் பீடச்சிறுவராகப் பணி செய்த எல்லிஸ் என்பவர், அக்காலத்தில் ஒரு குருவானவரால் பல ஆண்டுகள் பாலியல் கொடுமைக்கு ஆளானவர். வளர்ந்து வழக்கறிஞரான அவர், 2002ஆம் ஆண்டில், திருச்சபை தானே ஏற்படுத்தியிருந்த குறைதீர்ப்பு முறையின் வழியாக அதிமேற்றிராணியாரகத்தை அணுகினார். திருச்சபை நியமித்த விசாரணையாளரே அவர் சொன்னது உண்மையாக இருக்கக்கூடும் என்று கண்டார். அவருக்கு அளிக்க முன்வந்த தொகை முதலில் 25,000 டாலர், பிறகு 30,000. அவர் நீதிமன்றத்தை நாடினார், ஒரு கட்டத்தில் 1 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொள்ளவும் இசைந்தார், அதுவும் மறுக்கப்பட்டது. அதன் பின் திருச்சபையின் வழக்கறிஞர்கள் எழுப்பிய வாதமே எல்லிஸ் வாதம் என்ற பெயரால் அந்நாட்டுச் சட்ட வரலாற்றில் நிலைத்துவிட்டது.

அந்த வாதத்தைச் சற்று நிதானமாகக் கேளுங்கள். கத்தோலிக்கத் திருச்சபை என்பது பதிவுபெற்ற நிறுவனமன்று. நம்பிக்கையாளர் கூடிய ஒரு சமூகம். ஆகவே அதன் மேல் வழக்குத் தொடுக்க இயலாது. 1936ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் அமைந்த தர்மகர்த்தாக்கள் குழு இருக்கிறதே என்றால், அக்குழு நிலத்தையும் கட்டடத்தையும் பணத்தையும் நிர்வகிக்க ஏற்பட்டது; குருமாரை நியமிப்பதும் மேற்பார்வை செய்வதும் அதன் வேலையன்று; ஆகவே அதன் மேலும் வழக்கு இல்லை. அதிமேற்றிராணியார் ஜார்ஜ் பெல்லைப் பிரதிவாதியாக்கலாம் என்றால், அக்குற்றம் நடந்த காலத்தில் அவர் அப்பதவியில் இல்லை. முன்னவரின் பொறுப்பு பின்னவருக்கு வாரிசாக வருவதில்லை. குற்றம் செய்த குருவானவர் மேல் வழக்குத் தொடுக்கலாம் என்றால், அவர் 2004இல் காலமாகிவிட்டார். இவ்வாறு, சொத்தை வைத்திருப்பவர்க்குப் பொறுப்பு இல்லை, பொறுப்பு இருந்தவர்க்கு உயிர் இல்லை, இன்று உயிரோடு இருப்பவர்க்கு அன்று அதிகாரம் இல்லை என்று ஒவ்வொரு கதவாக அடைபட்டது. 2007 மே மாதத்தில் நியூ சவுத் வேல்ஸ் அப்பீல் நீதிமன்றம் திருச்சபையின் பக்கமே தீர்ப்பளித்தது. நீதிபதிகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்கள் இருந்த சட்டத்தைச் சொன்னார்கள். என் மனம் வருந்துவது, அந்த வாதத்தை எழுப்பலாம் என்று ஒரு திருச்சபை தீர்மானித்ததை எண்ணி. தன் சொந்த விசாரணையாளர் நம்பிய மனிதரிடம், நீ சொல்வது நடந்தது என்பதையே நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்லவும் அதன் வழக்கறிஞர்கள் துணிந்தார்கள். மறுக்கப்பட்ட 1 லட்சத்தைப் போல் பன்மடங்கு அந்த விவகாரத்தில் செலவாயிற்று. இனி வழக்குத் தொடுக்க எண்ணுவோர் அஞ்சிப் பின்வாங்க வேண்டும் என்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று எனப் பின்னாளில் கமிஷன் கண்டது.

இந்த ஸ்தாபனம் ஏழையன்று. 2018ஆம் ஆண்டில் மெல்போர்னின் தி ஏஜ் பத்திரிகை ஆராய்ந்து கணித்ததில், விக்டோரியா மாநிலத்தில் மட்டும் கத்தோலிக்க சபைக்கு 900 கோடி டாலருக்கு மேல் சொத்து இருப்பதாகவும், நாடு முழுவதும் அது 3,000 கோடியைத் தாண்டும் என்றும் தெரியவந்தது. உயில் மூலம் ஒருவர் நிலம் எழுதிவைத்தால் அதைப் பெற்றுக்கொள்ளத் திருச்சபைக்குச் சட்டப்படி ஒரு கை இருந்தது. அரசாங்கம் பள்ளிக்கு மானியம் வழங்கினால் அதைப் பெற்றுக்கொள்ளவும் ஆள் இருந்தார். பெற்றுக்கொள்ளும்போது இருந்த ஆள், பதில் சொல்லும்போது காணாமற்போனார் என்பதே நான் இன்று உங்கள் முன் வைக்கும் வழக்கு. கர்தினால் பெல் 2014 மார்ச்சில் கமிஷன் முன் சாட்சியமளித்தபோது, எல்லிஸைத் திருச்சபை நடத்திய விதம் கிறிஸ்தவ நோக்கில் நியாயமாக இருக்கவில்லை என்பதையும், திருச்சபையின் மேல் வழக்குத் தொடுக்க இயல வேண்டும் என்பதையும் ஏற்றுக்கொண்டார். பின்னாளில் அவர் மேலேயே வந்த குற்றச்சாட்டும், தண்டனையும், 2020 ஏப்ரலில் அந்நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் ஏகமனதாக அவரை விடுவித்ததும் வேறு விஷயம். அதை இதனோடு கலத்தல் ஆகாது.

காலம் என்பதையும் திருச்சபைகள் ஒரு கேடயமாகக் கொண்டன. கொடுமை நேர்ந்ததற்கும் கத்தோலிக்க அமைப்புகளிடம் அதற்காக உரிமை கோரப்பட்டதற்கும் இடையே சராசரி 33 ஆண்டுகள் கடந்திருந்தன என்று கமிஷன் கண்டது. குழந்தைக்குச் சொல்ல வார்த்தை இல்லை. இளைஞனுக்குச் சொல்லத் துணிவு இல்லை. தந்தையான பிறகு, தன் மகனுக்கு அந்த வயது வரும்போது, அடக்கிவைத்தது பொங்கி எழுகிறது. கடன் பத்திரங்களுக்கு ஏற்பட்ட காலவரம்புச் சட்டத்தை இவர்கள் மேல் பிரயோகிப்பது எவ்வளவு பெரிய அநீதி! விக்டோரியா 2015இல் அந்த வரம்பை நீக்கியது. பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. உடனே வேறொரு வாதம் வந்தது: குற்றம் சாட்டப்பட்ட குருவானவர் இறந்துவிட்டார், சாட்சிகள் மறைந்துவிட்டனர், இனி நேர்மையான விசாரணை சாத்தியமில்லை, ஆகவே வழக்கை நிரந்தரமாக நிறுத்திவைக்க வேண்டும் என்பது. லிஸ்மோர் மறைமாவட்டத்தைப் பற்றிய ஒரு வழக்கில், 2023 நவம்பரில், உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் அதை நிராகரித்தது. சாட்சிகள் மறையும் வரை மௌனம் நிலவுவதற்குக் காரணமாயிருந்தவர்களே, சாட்சிகள் மறைந்துவிட்டனர் என்று முறையிடுவதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

எல்லிஸ் வாதத்தையும் சட்டம் அழித்தது. விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் 2018இல் இயற்றப்பட்ட சட்டங்களின்படி, பதிவுபெறாத சமய அமைப்பு தனக்காக வழக்கில் நிற்க ஒரு பிரதிவாதியைப் பெயர் குறித்து முன்னிறுத்த வேண்டும். இல்லையேல் அதன் தர்மச் சொத்தின் மேலேயே வழக்கு நடக்கும். அதே ஆண்டு ஜூலை முதல் தேசிய நட்ட ஈட்டுத் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. கமிஷன் பரிந்துரைத்த உச்ச வரம்பு 2 லட்சம் டாலர். அரசாங்கம் வைத்ததோ 1 லட்சத்து 50 ஆயிரம். அதை ஏற்பவர் அந்த ஸ்தாபனத்தின் மேல் வழக்குத் தொடுக்கும் உரிமையைக் கைவிட்டுக் கையெழுத்திட வேண்டும். முதுமையிலும் வறுமையிலும் நோயிலும் இருக்கும் ஒருவர் அந்தக் கையெழுத்தை இடாமல் என்ன செய்வார்?

பாவசங்கீர்த்தனத்தின் இரகசியம் பற்றிப் பலர் என்னைக் கேட்பதுண்டு. அங்கே கேட்டறிந்த குற்றத்தையும் குருமார் அறிவிக்க வேண்டும் என்று கமிஷன் பரிந்துரைத்தது, விக்டோரியா 2019இல் அதைச் சட்டமாக்கியது, மேற்றிராணியார்கள் உடன்படவில்லை. அந்த விவாதத்துக்குக் கிடைத்த கவனம் அளவுக்கு மிஞ்சியது என்பது என் கருத்து. பல்லாரட்டில் மேற்றிராணியாருக்குத் தெரிந்தது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அன்று. அலுவலகத்தில், பேச்சில், கடிதத்தில்.

ரோமாபுரியும் வாளாவிருக்கவில்லை. போப் பிரான்சிஸ் 2019இல் பிறப்பித்த விதிகள் குருமாரும் துறவியரும் இத்தகைய குற்றத்தைத் திருச்சபை அதிகாரிகளிடம் அறிவிப்பதைக் கட்டாயமாக்கின. ஆனால் அறிவிப்பது யாரிடம்? அதே மேற்றிராணியார் கூட்டத்திடம். ஸ்தாபனம் தன்னைத் தானே விசாரிப்பதன் விளைவு நம் நாட்டுக்கும் அந்நியமன்று. உதகமண்டலம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த குருவானவர் ஒருவர், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பணி செய்தபோது வளரிளம் பெண் ஒருத்திக்கு இழைத்த குற்றத்தை 2015இல் அங்குள்ள நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றுத் திரும்பினார்; அடுத்த ஆண்டே அவர் மேலிருந்த பணித்தடை, வத்திக்கானைக் கலந்தாலோசித்த பின், நீக்கப்பட்டது. நம் தேசத்தில் 2012ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டம், ஸ்தாபனத் தலைவர் ஒருவர் தம் கீழிருப்பவரின் குற்றத்தை அறிந்தும் போலீஸாருக்கு அறிவிக்காவிடில் அவருக்கே சிறைத் தண்டனை விதிக்கிறது. ஒவ்வொரு சமய ஸ்தாபனத்தின் பள்ளியிலும் விடுதியிலும் நிர்வாகிகள் அந்தப் பிரிவைப் படித்திருக்கிறார்களா என்று பெற்றோர் கேட்பது மரியாதைக் குறைவாகாது.

ஆஸ்திரேலியாவில் எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்லி முடிக்க எனக்கும் ஆசைதான். அவ்வாறு சொல்ல இயலாது. 1971இல், போர்ட் ஃபெயரி என்னும் ஊரில், ஐந்து வயதுக் குழந்தை ஒன்று அதன் பெற்றோர் இல்லத்துக்கே வந்த பங்குக் குருவானவரால் கொடுமைக்கு ஆளாயிற்று. அது நடந்ததும் அதே பல்லாரட் மறைமாவட்டத்தில். விக்டோரியாவின் நீதிமன்றங்கள் இரண்டு படிகளிலும், குருவானவரின் செயலுக்கு மறைமாவட்டம் பொறுப்பு என்றே தீர்ப்பளித்தன. மேற்றிராணியார் பால் பேர்டின் பெயரில் வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. குருவானவர் சம்பள ஊழியர் அல்லர்; எஜமான் ஊழியன் உறவு இல்லாத இடத்தில் ஒருவர் குற்றத்துக்கு மற்றொருவரைப் பொறுப்பாக்க இயலாது; அப்பொறுப்பை விரிவாக்க வேண்டுமானால் சட்டமன்றங்கள் செய்துகொள்ளட்டும் என்று 2024 நவம்பரில் அந்நீதிமன்றம் கூறிவிட்டது. இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் 2012இலும் கனடாவின் உச்ச நீதிமன்றம் 2004இலும் நேர்மாறாகத் தீர்ப்பளித்திருந்தன. குருவானவர் எந்த ஊருக்குச் செல்ல வேண்டும், எந்த வீட்டில் வசிக்க வேண்டும், எப்போது அங்கிருந்து நீங்க வேண்டும் என்று கட்டளையிடுபவர் மேற்றிராணியார். எந்த முதலாளிக்கும் தன் தொழிலாளி மேல் இவ்வளவு அதிகாரம் இல்லை.

மாநிலச் சட்டமன்றங்கள் இந்தச் சட்டநிலையைத் திருத்த வேண்டும் என்று பாதிக்கப்பட்டோர் கோருகிறார்கள், கோர வேண்டியதுதான். ஆனால் உயர் நீதிமன்றம் ஏற்ற அந்த வாதம் எழுப்பியே தீர வேண்டிய வாதமன்று. பிரதிவாதி விரும்பினால் எழுப்பலாம், விரும்பாவிடில் விட்டுவிடலாம். நிலுவையில் இருக்கும் வழக்குகளில், உண்மை எது, ஈடு எவ்வளவு என்பதை மட்டும் விசாரியுங்கள், குருவானவர் எம் ஊழியர் அல்லர் என்ற வாதத்தை எம் பெயரால் எழுப்பாதீர்கள் என்று ஒவ்வொரு மேற்றிராணியாரும் தம் வழக்கறிஞருக்கு ஒரு கடிதம் எழுதலாம். எந்தச் சட்டமன்றத்துக்காகவும் அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.